உஷார்! பிஞ்சு உதிர்ந்தால் மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள்

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய பாகலும் பீர்க்கும் சுரையும் பூசணியும் இப்போது பந்தலேறிப் பூக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் சில நாளில் வீட்டுத்தோட்டம் போட்டவர்களிடமிருந்து ஒரே புலம்பல் கேட்கும். "பூ கொள்ளையா வருது. பிஞ்சு சுண்டுவிரல் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துடுது." உடனே உரக்கடைக்கு ஓடுவார்கள். "பிஞ்சு நிக்க மாட்டேங்குது, ஏதாவது மருந்து குடுங்க" என்பார்கள். கடையில் ஒரு சின்ன பாட்டில் கைக்கு வரும். மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் அடித்து முடித்துவிடலாம் என்று தெளிப்பானோடு மாடியேறுவார்கள்.

வேண்டாம், நிறுத்துங்கள். அந்த ஏழு மணிதான் பூசணிப் பூவுக்குள் தேனீ இறங்குகிற நேரம். பிஞ்சு உதிர்கிறது என்று மருந்து தேடிப் போய், பிஞ்சை நிற்க வைக்கிற உயிரையே உங்கள் கையால் கொன்றுவிடுவீர்கள். அடுத்த வாரம் உதிர்வது கூடும். அதற்கு இன்னும் வீரியமான ஒரு பாட்டில் வரும். பிறகு பூ மட்டும் பூத்துக்கொண்டே இருக்கும், காய் வராது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, "நம்ம மாடிக்குக் கொடிக்காய் ராசியில்லை" என்று பைகளைக் கவிழ்த்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் பூவைப் பாருங்கள். பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். கொடி முதலில் ஆண் பூக்களைத்தான் விடும். அவை பூத்து உதிர்வது இயல்பு, அதற்குப் பதற வேண்டியதில்லை. வெயில் கடுமையாக இருந்தாலும், தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் ஆண் பூ இன்னும் கூடும். பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு வெம்பினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேரவில்லை. இந்த மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது. யாராவது உடம்பில் பூசிக்கொண்டு வந்தால்தான் உண்டு. அதற்கும் நேரம் குறைவு. பூசணிப் பூ விடியும்போது விரிந்து, முற்பகலிலேயே சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து போயிருக்க வேண்டும். அதுவும் ஒருமுறை வந்தால் போதாது, பலமுறை வர வேண்டும். மகரந்தம் அரைகுறையாக விழுந்த வெள்ளரியும் சுரையும் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிக் கோணலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சத்துக் குறைபாடு என்று சொல்லி விற்கப்படும் டானிக்குகளுக்குக் குறைவேயில்லை.

பழ ஈயும் பிஞ்சைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கேடு வேறு மாதிரி இருக்கும். பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். துளைத்த இடத்தில் பிசின் போல ஒரு சொட்டு கசிந்து உறைந்திருக்கும். பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். உதிர்ந்த பிஞ்சைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். துளையும் இல்லை, கசிவும் இல்லை, புழுவும் இல்லை, வெறுமனே மஞ்சளாகிச் சுருங்கியிருக்கிறது என்றால் பூச்சி வந்ததால் அது கெடவில்லை. பூச்சி வராததால் கெட்டிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் மருந்து வாங்கப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பழ ஈதான் என்று தெரிந்தாலும் கொடி முழுவதையும் நஞ்சால் நனைக்கத் தேவையில்லை. ஆண் ஈயை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது. சூல் பிடித்து இரண்டு நாளான பிஞ்சுக்குக் காகித உறை மாட்டலாம். கெட்ட பிஞ்சைத் தொட்டியிலேயே விடாமல் எடுத்து அழித்தால் அடுத்த தலைமுறை ஈ அங்கே பிறக்காது.

இனி, எந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் தோட்டங்களில் நடக்கிற பெரிய தவறுகள் எல்லாமே இது தெரியாததால் வருபவை.

காலைப் பூக்களான பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றுக்கு அடுக்குத் தேனீ வரும். பெட்டியில் வளர்க்கிறார்களே, அந்த நாட்டுத் தேனீதான். செடிக்கிளையில் ஒற்றை அடை கட்டும் சின்னஞ்சிறு கொம்புத் தேனீ வரும். எறும்புக்கு இறக்கை முளைத்தது போலிருக்கும் கொசுத்தேனீ வரும். சுவர்ப் பொந்திலும் மின்சாரப் பெட்டிக்குள்ளும் மெழுகுக் குழாய் வைத்து வாசல் கட்டியிருப்பது இதுதான். இதற்குக் கொட்டத் தெரியாது. ஆனாலும் "ஏதோ பூச்சி" என்று அந்த வாசலில் சிமென்ட் பூசி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். கொசுத்தேனீ சில நூறு மீட்டர் தூரம்தான் பறந்து போய் இரை தேடும். உங்கள் சுவரில் இருக்கும் கூட்டை அடைத்தால் உங்கள் பாகற்கொடிக்குத்தான் முதல் இழப்பு.

கத்தரியும் தக்காளியும் வேறு கதை. இவற்றின் மகரந்தப் பைகளிலிருந்து மகரந்தம் எளிதில் வெளியே கொட்டாது. நுனியில் ஊசித்துளை போல ஒரு வழி மட்டும் இருக்கும். பூவைக் கவ்விப் பிடித்து, இறக்கைத் தசைகளை அதிர வைத்து, அந்த அதிர்வில் மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்த தேனீதான் இங்கே வேலைக்கு ஆகும். அடுக்குத் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் இந்த வித்தை கிடையாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் நம் தோட்டங்களுக்கு வருகிறார்கள். ஒருவர், வயிற்றில் நீலப் பட்டைகள் மின்ன, ஓரிடத்தில் நிற்காமல் விர்ரென்று பறக்கும் நீலப்பட்டைத் தேனீ. இன்னொருவர், பட்டுப்போன மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டு. முருங்கைப் பூவை மொய்ப்பதும் இந்தக் கருவண்டுதான். உருவத்தைப் பார்த்துப் பயந்து துடைப்பத்தால் அடிக்கிறார்கள். தன் போக்கில் பூ தேடுகிற உயிர் அது. கையில் பிடித்து நசுக்கினாலொழிய யாரையும் கொட்ட வருவதில்லை. தக்காளி காற்றசைவிலும் ஓரளவு காய்த்துவிடும். ஆனால் இவர்கள் வந்து போன செடியின் காய்ப்பே தனி. கத்தரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். சூல்தண்டு குட்டையாக உள்ளே புதைந்திருக்கும் பூக்கள் எப்படியும் காய்க்காமல் உதிரும். அது செடியின் இயல்பு. எல்லாப் பூவும் காயாக வேண்டும் என்று மருந்தடிப்பதில் பொருளில்லை.

ரோஜா இலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல அரைவட்டம் அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தால், புழு தின்றுவிட்டது என்று பாட்டிலைத் தேடாதீர்கள். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டைக் கொண்டுபோய்த் தன் குஞ்சு அறைக்குச் சுவர் வைக்கிறது. துவரைப் பூவுக்கும் அவரைப் பூவுக்கும் அது செய்கிற உதவியோடு பார்த்தால் நாலு இலை ஒரு நட்டமே அல்ல. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருந்து, பிறகு பச்சையாகப் பருக்கும் புழுக்களும் அப்படித்தான். அவைதான் நாளை உங்கள் செம்பருத்தியைச் சுற்றப் போகும் பெரிய வண்ணத்துப்பூச்சிகள். செடி மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது எல்லோரும் கவனிக்கத் தவறுகிற இடத்துக்கு வருகிறேன். "மருந்தைக் காலையில் அடிக்காதீங்க, சாயங்காலம் அடிங்க, தேனீ கூட்டுக்குப் போயிருக்கும்" என்பது நீண்ட நாளாகச் சொல்லப்படும் அறிவுரை. பூசணிக்கும் பாகலுக்கும் அது சரி. ஆனால் சுரையும் புடலையும் பீர்க்கும் பொழுது சாயும்போதுதான் பூக்கின்றன. சுரைப்பூவும் புடலைப்பூவும் வெள்ளையாக இருப்பது இருட்டில் தெரிவதற்காக. புடலைப்பூவின் ஓரத்தில் நூல் நூலாக விரிந்திருக்கும் குஞ்சங்களைப் பாருங்கள். அந்துப்பூச்சிகளுக்கு அவை வழிகாட்டுகின்றன. நீண்ட உறிஞ்சுகுழலோடு, பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் பெரிய அந்துகள் இருட்டிய பிறகு வருகின்றன. பந்தலில் பூசணியும் சுரையும் பக்கத்தில் பக்கத்தில் படர்ந்திருக்கையில் நீங்கள் மாலை ஆறு மணிக்கு அடிக்கும் நஞ்சு, காலைப் பூவைக் காப்பாற்றி இரவுப் பூவின் விருந்தாளியைக் கொல்லும். பூக்கிற பந்தலுக்குப் பாதுகாப்பான தெளிப்பு நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

மருந்தே அடிக்காதவர்களுக்கும் இரவில் ஓர் எச்சரிக்கை உண்டு. மாடித்தோட்டத்தை அழகுபடுத்துகிறேன் என்று பந்தல் முழுக்க சீரியல் பல்ப் சுற்றுவதும், விடிய விடிய எல்.இ.டி. விளக்கு எரிய விடுவதும் இப்போது பரவி வருகிறது. சுவிட்சர்லாந்தின் புல்வெளிகளில் விளக்கு வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. விளக்கு வைத்த இடங்களில் இரவில் பூவுக்கு வரும் பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்திருந்தது. பகலில் வரும் பூச்சிகளால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியவில்லை, காய்ப்பும் குறைந்தது. நம் சுரைப்பந்தல் அதைவிட முழுமையாக இரவை நம்பி இருப்பது. ஏழு மணிக்கு மேல் மாடி விளக்கை அணையுங்கள். தேவைப்பட்டால் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு என்று உரக்கடையில் அதிகம் கைமாறுவது இமிடாகுளோப்ரிட். இது இலைமேல் நின்று, மழையில் கழுவிப் போகிற ரகம் அல்ல. வேரில் ஊற்றினாலும் இலையில் தெளித்தாலும் செடிக்குள் ஊடுருவி, சாற்றோடு ஓடி, மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போய்ச் சேரும். அப்படியானால் இன்று அடித்தால், நாளை விரியும் பூவிலும் நஞ்சு இருக்கும். ஒரு தேனீயின் வயிற்றுக்குள் ஏறத்தாழ 4 நானோகிராம் போனாலே அது பிழைப்பது பாதிக்குப் பாதிதான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். கடையில் கிடைக்கும் 17.8 விழுக்காடு கரைசலின் ஒரே ஒரு மில்லியில் உள்ள நஞ்சை 4 நானோகிராம் பங்குகளாகப் பிரித்துப் பாருங்கள். 4 கோடிக்கு மேல் பங்கு வரும். "சும்மா ஒரு மூடிதானே ஊத்தினேன்" என்கிற பேச்சு எவ்வளவு பயங்கரமானது என்று இப்போது புரியும்.

சாகாத தேனீயும் தப்பியதாகக் கொள்ள முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த தயாமீதாக்சாமை உயிர் போகாத அளவுக்குக் கொடுத்துப் பறக்கவிட்ட தேனீக்களில் பல, கூட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்தன என்று 2012-ல் 'சயின்ஸ்' இதழில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இப்படி வெளியே போனவர்கள் திரும்பாமல் கூடுகள் காலியாகும்போது, செத்த உடல்கூட நம் கண்ணில் படாது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் தேனீக்கள் நாடும் பயிர்களில் இந்தக் குடும்பத்து மருந்துகள் மூன்றைக் கட்டுப்படுத்தியது. 2018-ல் திறந்தவெளியில் அவற்றைப் பயன்படுத்துவதையே முற்றாகத் தடை செய்தது. நம் ஊரில் அதே மருந்து, மல்லிகைத் தொட்டிக்கு அருகில் குழந்தை விளையாடுகிற மாடியில், கையுறைகூட இல்லாமல் கலக்கப்படுகிறது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று இந்தியாவில் 2005-லேயே தடை வந்தது. அதற்குப் பிறகும் வெண்டைக்கும் கத்தரிக்கும் அதை அடிப்பதைப் பற்றி வெகு சாதாரணமாகப் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

டப்பாவின் மேல் இருக்கும் சாய்சதுர முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள். கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறம் இருக்கும். "பச்சை போட்டிருக்கு, ஒண்ணும் பண்ணாது" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிறம் பாலூட்டி விலங்குகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துக் கொடுக்கப்படுவது. நமக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கான அடையாளம். தேனீக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நிறம் சொல்லவே சொல்லாது. அதற்கு உள்ளே மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைத்தான் படிக்க வேண்டும்.

"நான் இயற்கை மருந்துதான் அடிக்கிறேன்" என்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்த கரைசல், பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீயின் மேல் விழுந்தால் சோப்பு நீரே அதன் மூச்சுத்துளைகளை அடைத்துவிடும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலைப் பூவில் தெளித்தால் அந்தப் பூவை நாடுகிற பூச்சியும் விலகிப் போகும். விரட்டி என்று பெயர் வைத்துவிட்டு, அது கெட்டதை மட்டும் பார்த்து விரட்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகும் நின்றால், பூவே இல்லாத கிளைகளில், இலையின் அடிப்பக்கம் மட்டும் துணியால் துடையுங்கள். எறும்புப் பொடி இன்னும் மோசம். தூள் வடிவில் இருக்கும் நஞ்சு தேனீயின் ரோமத்தில் மகரந்தம் போலவே ஒட்டிக்கொண்டு கூட்டுக்கே போய்ச் சேரும். பூக்கும் தொட்டியைச் சுற்றிப் பொடி தூவாதீர்கள். விதை வாங்கும்போதும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சாயமேறிய விதைகளின் மேல் ஏதாவது மருந்து பூசியிருக்கும். எந்த மருந்து என்று அதிலேயே எழுதியிருப்பார்கள்.

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது மாடியில் இருக்கும் அம்மா ஒருவர் மாலையில் கதவைத் தட்டினார். "அக்கா, மாடியில தேனீ அஞ்சாறு மல்லாந்து கிடந்து சுத்துதுங்க. பார்க்கவே பாவமா இருக்கு. என்னன்னு வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தேன். தேனீக்கள் முதுகில் கிடந்து சக்கரம் போலச் சுழன்றுகொண்டிருந்தன. கால்கள் நடுங்கின. செத்தவற்றின் நாக்கு வெளியே நீண்டிருந்தது. நரம்பைத் தாக்கும் நஞ்சின் அறிகுறி இது. "இன்னிக்கு ஏதாவது அடிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன். "நான் எதுவும் அடிக்கலையேக்கா. செம்பருத்தியில மாவுப்பூச்சின்னு போன வாரம் வேர்ல ஒரு மருந்து ஊத்தினேன், அவ்வளவுதான்" என்றார். போன வாரம் ஊற்றிய இடத்துக்கும் இன்று சாகிற தேனீக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அப்படித் தோன்றாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பாட்டிலை விற்றவரும் சொல்லவில்லை, பெரிய எழுத்தில் யாரும் அச்சடிக்கவும் இல்லை.

செடி வாங்குவதிலும் கவனம் வேண்டும். நர்சரியில் இலையில் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளக்கும் பூச்செடி வாங்கினால், அது மருந்துக் குளியல் முடித்து வந்ததாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் முதல் சில வாரப் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். அடுக்கு செம்பருத்தி, அடுக்கு பால்சம் என்று இதழ் மேல் இதழாக வளர்க்கப்பட்ட ரகங்களில் மகரந்தத் தாள்களே பல இதழ்களாக மாறியிருக்கும். தேனீ உள்ளே நுழையவும் இடமிருக்காது, நுழைந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மாடி நிறையப் பூ இருந்தும் தேனீ பட்டினியாகத் திரும்புவது இப்படித்தான். அவற்றுக்கு நடுவில் துளசியையும் திருநீற்றுப்பச்சிலையையும் பூக்க விடுங்கள். பறிக்காமல் விட்ட நாலு கொத்தமல்லிச் செடி பூத்தால் போதும், அதைத் தேடி வராத சிறு பூச்சியே இருக்காது. தும்பையும் மூக்குத்திப்பூவும் தொட்டியில் தானாக முளைத்தால் களை என்று பிடுங்காதீர்கள்.

பூங்காவிலும் சாலையோரத்திலும் செக்கச்செவேலெனப் பூக்கும் ஆப்பிரிக்க டியூலிப் மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொட்டைக் கிள்ளினால் தண்ணீர் பீய்ச்சும், சிறுபிள்ளைகள் விளையாடுவார்களே, அதுதான். அதன் பூக்கிண்ணத்தில் கொசுத்தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூந்தேனும் மொட்டின் வழவழப்பும் அந்தச் சின்ன உயிருக்கு நஞ்சாகின்றன. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலும் இந்த மரம் இருக்கிறது. பூ அழகாக இருக்கிறது என்று குடியிருப்பு வளாகத்தில் கன்று நடுவதற்கு முன் இதை யோசியுங்கள். புங்கை நடுங்கள், முருங்கை நடுங்கள்.

தேனீ குறைந்துவிட்டது, பெட்டி வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1991-92-ல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பெட்டித் தேனீக் குடும்பங்களில் பத்தில் ஒன்பது அழிந்தன. 1920-களிலேயே பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றிய மார்த்தாண்டம் பகுதியில் அது ஒரு தலைமுறையின் பிழைப்பையே முறித்துப்போட்டது. புழுப் பருவத்தில் இருக்கும் குஞ்சு நீர் கோத்த பை போல வீங்கி, அறைக்குள் நீட்டிப் படுத்தபடியே சாகும். நோயுள்ள ஒரு பெட்டி ஊர் விட்டு ஊர் வந்தால், அக்கம்பக்கத்துக் கூடுகளுக்கும் அது பரவும். பயிற்சி எடுக்காமல், அடையைத் திறந்து பார்த்து வாங்கத் தெரியாமல், இணையத்தில் காசு கட்டிப் பெட்டி வரவழைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் காட்டுக் கூடுகளுக்குக் கேடு செய்யாமல் இருப்பதே பெரிய உதவி.

தோட்டத்துக்கு வெளியேயும் ஒரு பொறி இருக்கிறது. மதுரை தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய செய்தி இது: ஐந்து கடைகளில், 30 நாளில், குடித்துவிட்டு எறியப்பட்ட காகிதக் கப்புகளில் 25,000-க்கும் மேற்பட்ட தேனீக்கள் செத்துக் கிடந்தன. அடியில் தங்கிய சர்க்கரைக்கு வந்து, ஏற முடியாமல் மூழ்கியவை. ஜூஸ் கடை, டீக்கடை வைத்திருப்பவர்கள் கப் போடும் தொட்டிக்கு மூடி போட்டாலே இது நிற்கும். உங்கள் மாடியில் தண்ணீர் வைப்பதாக இருந்தால் வாளியில் வைக்காதீர்கள். தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரிகிற அளவுக்கு நீர் ஊற்றுங்கள்.

பூச்சிகளைக் காப்பாற்றச் சொல்லும் இதே வாயால், உங்கள் உயிரையும் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீயைப் பார்ப்பதில் ஆபத்து மிகக் குறைவு. கூட்டின் அருகில் போவதுதான் ஆபத்து. தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களின் விளிம்பிலும் திறந்தவெளியில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைக் கல்லெறிந்தோ, நெருப்பு வைத்தோ, ஸ்பிரே அடித்தோ கலைக்க முயல்வது உயிருக்கு உலை. காலம் வந்தால் கூட்டத்தோடு அதுவாகவே இடம் பெயர்ந்து போய்விடும். கதண்டு இன்னும் கொடியது. பனையிலும் புதரிலும் மண்ணிலும் கூடு வைக்கும் அந்தப் பெரிய குளவிகள் கூட்டமாகக் கொட்டி மனிதர்கள் இறந்த செய்திகள் நம் மாவட்டங்களில் இருந்து அடிக்கடி வருகின்றன. கூடு கண்ணில் பட்டால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். மூச்சு இரைத்தாலோ, முகமும் உதடும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது "நேத்துத்தான் அடிச்சேனே" என்று நெஞ்சு பதறுகிறவர்கள் இருப்பீர்கள். இன்னும் செய்ய முடிந்தது உண்டு. மருந்து பட்ட செடியில் விரிந்த பூக்களையும் விரியப் போகும் மொட்டுகளையும் இன்று மாலையே கிள்ளி, ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். வேரில் ஊற்றியிருந்தால் தொடர்ந்து சில வாரம் மொட்டுகளைக் கிள்ள வேண்டியிருக்கும். அந்தத் தொட்டியின் வடிநீர் பக்கத்துத் தொட்டிக்குப் போகாமல் பாருங்கள். மீதி மருந்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நஞ்சு படாத கொடிகளுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கலாம். காலை ஆறரை மணிக்கு அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்து, நடுவிலுள்ள மஞ்சள் தண்டை அன்று விரிந்த பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். சுரைக்கும் புடலைக்கும் பீர்க்குக்கும் இதை இருட்டிய பிறகு செய்ய வேண்டும். இது நாலு தொட்டிக்குச் சரிப்படும். ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் 1841-ல் வெனிலாப் பூவைக் கையால் கருவுறச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தான். அந்தப் பூவுக்குரிய தேனீ இல்லாத நாடுகளில் இன்றுவரை ஒவ்வொரு வெனிலாக் காய்க்கும் ஒரு மனிதக் கை தேவைப்படுகிறது. வெனிலாவின் விலை அதைத் தாங்கும். மலிவாக விற்கும் பாகற்காய்க்கும் பூசணிக்கும் அந்தக் கூலியை யார் கொடுப்பது?

நாளைக் காலை தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியோடு மாடிக்குப் போங்கள். விரிந்த பூ ஒன்றைத் தேர்ந்து, நிழல் அதன் மேல் விழாமல், ஓரடி தள்ளி உட்காருங்கள். பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். யார் வந்தார்கள், எத்தனை முறை, ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் போனார்களா என்று காலண்டரின் ஓரத்தில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் குறித்தால் உங்கள் மாடியின் நிலைமை தெரிந்துவிடும். ஒருவரும் வரவில்லை என்றால் உங்கள் பைகளை மட்டும் சோதித்துப் பயனில்லை. அடுக்குத் தேனீ ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை சுற்றும் என்பதால், பக்கத்து மாடியில் என்ன அடிக்கிறார்கள், தெருவில் கொசுப் புகை எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து காட்டி, பூ விரிகிற நேரத்தைச் சொல்லுங்கள். இந்த ஆவணி தவறினால் அடுத்து தைப்பட்டம்தான். அதற்குள் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.